விளக்கு சொன்ன சாட்சி: ‘கேஸ் லைட்’ நாடகத்தின் மேடைக் கதை

‘கேஸ்லைட்டிங்’ என்ற சொல், அதாவது ஒருவரைத் தன் புத்தியையே சந்தேகிக்க வைப்பது, இன்று தமிழ்ப் பேச்சிலும் சகஜமாகப் புழங்குகிறது. விளக்கம் கேட்டால் பெரும்பாலும் இப்படிச் சொல்வார்கள்: “ஒரு பழைய நாடகத்தில் கணவன் வீட்டு விளக்கை வேண்டுமென்றே மங்க வைப்பான். மனைவி கேட்டால், ‘மங்கவே இல்லையே, உனக்குத்தான் புத்தி சரியில்லை’ என்பான். அதிலிருந்து வந்த சொல்.”

நாடகப் பிரதியைப் படித்த எவருக்கும் இது நெருடும். ஆங்கில எழுத்தாளர் பேட்ரிக் ஹாமில்டன் எழுதிய ‘கேஸ் லைட்’ நாடகத்தில் கணவன் மனைவியைக் குழப்புவதற்காக விளக்கில் கை வைப்பதே இல்லை. படத்தை ஒளிக்கிறான், மளிகை ரசீதை ஒளிக்கிறான், நகையை ஒளிக்கிறான். விளக்கு மட்டும் அவன் கணக்கில் வராமல் தானாக மங்குகிறது. அது மங்குவதைக் கவனித்து அவனைப் பிடிப்பவளே அவள்தான். அதாவது இந்தக் கதையில் விளக்கு ஆயுதம் அல்ல, சாட்சி. இந்தத் திரில்லர் ஊர் விட்டு ஊர், மொழி விட்டு மொழி போனபோது அந்தச் சாட்சிக்கு என்ன ஆனது என்பதுதான் இந்த ஆய்வு.

முதலில் கதை. 1880ஆம் ஆண்டு, லண்டனில் பிம்லிகோ பகுதி, ஏஞ்சல் தெரு. இருட்டத் தொடங்கிவிட்ட மாலை, விளக்கு இன்னும் ஏற்றவில்லை. மேனிங்ஹாம் சோபாவில் கண்ணயர்ந்திருக்கிறான். மனைவி பெல்லா சத்தம் போடாமல் நடமாடுகிறாள். நாடகம் முழுக்க இந்த ஒரே கூடம், இந்த ஒரே இரவு. கணவன் ஒரு நேரம் கொஞ்சுகிறான், மறு நேரம் வேலைக்காரிகள் எதிரிலேயே அவளை அவமானப்படுத்துகிறான். தியேட்டருக்குக் கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறான். நாடகம் பார்க்கப் போகிறோம் என்று ஒரு பாத்திரம் மேடையிலேயே துள்ளிக் குதிப்பதைப் பார்க்க நமக்கே சந்தோஷமாக இருக்கும். அடுத்த நிமிடம் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காணோம் என்கிறான். நீதானே எடுத்தாய், எங்கே வைத்தாய், பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய். தியேட்டர் போவது ரத்து. அவளுடைய அம்மாவும் புத்தி பேதலித்துத்தான் இறந்தாள் என்பதை வேறு அவ்வப்போது நினைவூட்டுகிறான்.

அவன் வெளியே கிளம்பிப் போன பிறகு ராஃப் என்ற ஓய்வுபெற்ற துப்பறியும் அதிகாரி வந்து சேருகிறார். வயதானவர், குறும்புக்காரர். பயந்து நடுங்கும் பெல்லாவுக்கு முதல் மருந்தாக விஸ்கி ஊற்றிக் கொடுக்கிறார். பல வருடங்களுக்கு முன் இதே வீட்டில் ஆலிஸ் பார்லோ என்ற பணக்காரக் கிழவி கொலையானாள் என்று சொல்கிறார். கொலைக்குக் காரணம் அவளிடம் இருந்த மாணிக்கக் கற்கள். கொலையாளிக்குக் கற்கள் கிடைக்கவில்லை. அவன்தான் மேனிங்ஹாம் என்ற பெயரில், பெல்லாவின் பணத்தில் இதே வீட்டை வாங்கி, பூட்டிக்கிடக்கும் மேல்மாடியில் இரவு இரவாகத் தேடிக்கொண்டிருக்கிறான். தெருவுக்குப் போவதுபோல் போய், பின்பக்கமாக ஏறி, மாடிக்கு வருகிறான்.

அவருக்குச் சந்தேகம்தான், ஆதாரம் கிடையாது. அந்த ஆதாரம் பெல்லாவிடம் இருக்கிறது. அவன் போன பத்து நிமிடத்தில் கூடத்து விளக்கு மங்கும். அவன் திரும்பி வருவதற்குச் சற்று முன் மீண்டும் பிரகாசமாகும். இதை அவள் பல நாள் பார்த்து மனதுக்குள் வைத்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதையும் பைத்தியக் கணக்கில் சேர்த்துவிடுவார்களே.

எரிவாயு விளக்கு எப்படி வேலை செய்தது என்பது தெரிந்தால்தான் இதன் அழகு புரியும். வீட்டுக்குள் வரும் வாயு எல்லா அறைகளுக்கும் ஒரே குழாய்களில் பிரிந்து போகும். ஒரு அறையில் புதிதாக ஒரு பர்னரை ஏற்றினால் மற்ற அறைகளில் அழுத்தம் குறைந்து சுடர் சற்றுத் தாழும். மாடியில் குழாயைத் திறந்தால் கீழே குளியலறையில் தண்ணீர் மெலிவதில்லையா, அதேதான். மோட்டார் போட்டவுடன் டியூப்லைட் கண் சிமிட்டும் வீட்டில் வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. இன்றைய லண்டன் பார்வையாளருக்குத்தான் வசனத்தில் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

ஆக, மேல்மாடியில் கொலைகாரன் விளக்கு ஏற்றுகிறான், கீழே அவன் மனைவி பார்த்துக்கொண்டிருக்கும் சுடர் காட்டிக்கொடுக்கிறது. இதை ஹாமில்டன் மேடையில் பயன்படுத்திய விதம் இருக்கிறதே, திரில்லர் எழுத ஆசைப்படுகிறவர்கள் அதை ஒருமுறையாவது பிரித்துப் பார்க்க வேண்டும். ராஃபும் பெல்லாவும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கதையெல்லாம் சொல்லியாகிவிட்டது. பார்வையாளருக்கு விதி தெரிந்துவிட்டது: மங்கினால் மாடியில் இருக்கிறான், ஏறினால் வந்துகொண்டிருக்கிறான். அப்புறம் வசனத்தின் நடுவே விளக்கு மெல்ல ஏறத் தொடங்குகிறது. கதவு தட்டப்படவில்லை, காலடி ஓசை இல்லை, இசை இல்லை. வெளிச்சம் கூடுகிறது, அவ்வளவுதான். பொதுவாக மேடையில் இருட்டுத்தான் பயம் காட்டும். இங்கே வெளிச்சம் கூடக்கூட வயிற்றைக் கலக்குகிறது.

கல்லூரி நாட்களில் சில நாடகங்களுக்கு, மேடை விளக்கைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் பக்கத்தில் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். இந்த நாடகத்தில் விளக்குக்காரரும் ஒரு நடிகர். இரண்டு வசனம் முன்னதாக ஏற்றினால் பெல்லா கவனிக்காத முட்டாளாகத் தெரிவாள். வேகமாக ஏற்றினால் மின்சாரத் தடை போலாகிவிடும், யாரோ சிரிப்பார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் பார்த்துவிட வேண்டும், பெல்லா இன்னும் பார்த்திருக்கக் கூடாது. அந்தச் சில நொடி இடைவெளியில்தான் நாடகம் முழுவதும் தொங்குகிறது.

ரிச்மண்டிலிருந்து சவாய் வரை

ஹாமில்டன் 1904இல் பிறந்தவர். 25 வயதில் ‘ரோப்’ என்ற கொலை நாடகத்தை எழுதிப் பெயர் வாங்கினார். அடிப்படையில் நாவலாசிரியர். மலிவான தங்கும் விடுதிகள், மதுக்கடைகள், அங்கே வந்து குவியும் தனிமையான மனிதர்கள், இதுதான் அவர் உலகம். 1932இல் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது கார் மோதிப் படுகாயம் அடைந்தார். அதன் தழும்பு முகத்தில் கடைசிவரை இருந்தது. குடியும் கூடவே இருந்தது. 1962இல் அவரைக் கொண்டுபோனதும் அதுதான். நாவல்களுக்கு விமர்சகர்கள் மரியாதை கொடுத்தார்கள். காசு கொடுத்தது இரண்டு திரில்லர் நாடகங்கள்.

‘கேஸ் லைட்’ 1938 டிசம்பர் 5 அன்று லண்டனை ஒட்டிய ரிச்மண்ட் தியேட்டரில் முதலில் மேடையேறியது. புத்தாண்டு பிறந்ததும் லண்டனின் நாடக வட்டாரமான வெஸ்ட் எண்டில் உள்ள அப்போலோ தியேட்டருக்கு வந்தது. டென்னிஸ் அருண்டெல் மேனிங்ஹாமாகவும், மில்டன் ராஸ்மர் ராஃபாகவும் நடித்தார்கள். பெல்லா, குவென் ஃபிராங்கான்-டேவிஸ். புகழ்பெற்ற ஆங்கில நடிகர் ஜான் கீல்குட் ரோமியோவாக நடித்த 1924ஆம் ஆண்டு நாடகத்தில் ஜூலியட்டாக நடித்தவர் அவர். இந்தப் பெயரைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஆப்பிரிக்கக் கண்டத்தில் அவரை மறுபடி சந்திக்கப் போகிறோம்.

மே மாதம் நாடகம் சவாய் தியேட்டருக்கு இடம் மாறியது. இந்த இடமாற்றத்தைப் பற்றி நாடக வரலாறுகள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. உலகில் முழுக்க முழுக்க மின்விளக்கால் ஒளியூட்டப்பட்ட முதல் பொதுக்கட்டடம் இந்த சவாய்தான். 1881இல் திறந்தபோது ஜோசப் ஸ்வான் தயாரித்த சுமார் 1,200 பல்புகள் பொருத்தியிருந்தார்கள். மின்சாரம் ஆபத்து என்று மக்கள் பயந்ததால், உரிமையாளர் டாய்லி கார்ட் மேடையில் நின்று எரியும் பல்பு ஒன்றைத் துணியில் சுற்றி உடைத்துக் காட்டினார். ஹாமில்டனின் கதை நடப்பது 1880. எரிவாயு விளக்கின் ஆட்சி மேடையில் முடிவதற்கு முந்தைய ஆண்டு. அந்தக் கதை, அந்த ஆட்சியை முடித்து வைத்த கட்டடத்துக்குள்ளேயே வந்து நடந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. 19ஆம் நூற்றாண்டுத் தியேட்டர்களில் மேடையின் பக்கவாட்டில் எரிவாயுக் குழாய்களின் திருகுகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். ஒருவர் அங்கே நின்று எல்லா விளக்கையும் ஏற்றி இறக்குவார். ஓரிடத்தில் திருகினால் வேறிடத்தில் சுடர் தாழும் என்பது நாடகக்காரர்களின் அன்றாடத் தொழில் அறிவு. மேனிங்ஹாம் வீட்டு மாடியும் அப்படி ஒரு பக்கமேடைதான், பார்வையாளர் கண்ணில் படாத இடத்தில் ஒருவன் நின்று வெளிச்சத்தை மாற்றுகிறான்.

சவாயில் நாடகம் ஜூன் 10 அன்று முடிந்தது. மொத்தம் 141 காட்சிகள். மோசமில்லை, ஆனால் சாதனையும் இல்லை. போர் நெருங்க, செப்டம்பர் 1 முதல் லண்டன் முழுக்க விளக்கணைப்பு உத்தரவு வந்தது.

ஏஞ்சல் ஸ்ட்ரீட்

அமெரிக்காவில் கதையே வேறு. அங்கே பெயரை ‘ஏஞ்சல் ஸ்ட்ரீட்’ என்று மாற்றினார்கள். ஷெப்பர்ட் டிராப் தயாரித்து இயக்க, நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் ஜான் கோல்டன் தியேட்டரில் 1941 டிசம்பர் 5 அன்று திரை தூக்கினார்கள். ரிச்மண்டில் தொடங்கி, நாள் பிசகாமல் மூன்று வருடம். இரண்டே நாளில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது, அமெரிக்கா போரில் இறங்கியது.

புதிதாகத் தொடங்கிய, பெரிய நட்சத்திரம் இல்லாத, ஒரே செட்டில் நடக்கும் ஆங்கிலேய நாடகம் அந்த வாரமே மூட்டை கட்டியிருக்க வேண்டும். 1944 டிசம்பர் 30 வரை ஓடியது. 1,295 காட்சிகள். லண்டனைப்போல் ஒன்பது மடங்குக்கும் மேல்.

ஏன்? வின்சென்ட் பிரைஸ் ஒரு காரணம் என்பதில் சந்தேகமில்லை. அதுவரை ‘விக்டோரியா ரெஜினா’ நாடகத்தில் இளவரசர் ஆல்பர்ட்டாக வந்த அழகான, உயரமான, மெல்லிய குரல் கொண்ட நடிகர். அந்தக் குரலையே விஷமாக்கினார். அவருடைய பிற்கால வில்லன் வாழ்க்கை மொத்தத்துக்கும் விதை இங்கே விழுந்தது. ராஃபாக நடித்தவர் லியோ ஜி. கேரல். பெல்லாவாக நடித்த ஜூடித் எவலினுக்கும் பயம் என்பது நடிப்புப் பயிற்சியில் மட்டும் கற்றதல்ல. 1939 செப்டம்பர் 3 அன்று, பிரிட்டன் போர் அறிவித்த சில மணி நேரத்துக்குள் ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்த அதீனியா பயணக் கப்பலில் இருந்து உயிர் தப்பியவர் அவர். பிறகு 1959இல் பிரைஸும் அவரும் ‘தி டிங்க்லர்’ படத்தில் மறுபடி சேர்ந்தார்கள். அதில் எவலின், பயத்திலேயே செத்துப்போகும் மனைவி. ஹாலிவுட்டுக்கு ஒரு முகம் எதற்கு என்று தீர்மானமாகிவிட்டால் மாற்றவே மாட்டார்கள் போல.

நடிகர்களைத் தாண்டியும் ஒரு காரணம் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். 1942 வசந்தத்தில் நியூயார்க்கிலும் விளக்குகளைத் தாழ்த்தச் சொன்னார்கள். நகரத்தின் வெளிச்சம் கடலில் போகும் கப்பல்களை நிழலுருவாகக் காட்டி, நீர்மூழ்கிகளுக்கு இலக்காக்கியது. டைம்ஸ் சதுக்கத்தின் விளம்பர விளக்குகள் அணைந்தன. எங்கோ ஒரு விளக்கு எரிவது இன்னோர் இடத்தில் ஒரு உயிரைக் காட்டிக்கொடுக்கும் என்பது அந்த நகரத்து மக்களுக்குத் தினசரி அனுபவம் ஆகிவிட்டிருந்தது. இருட்டான தெரு வழியே வந்து டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்கள் முன்னால், விளக்கு மங்கும், ஏறும்.

1948இல் நியூயார்க் சிட்டி சென்டரில் ஹோசே ஃபெரரும் ஊட்டா ஹேகனும் நடிக்க இரண்டு வாரம் நடந்தது. 1975இல் டிராப் மறுபடி பிராட்வேக்குக் கொண்டுவந்தார், 52 காட்சிகளோடு நின்றது. காலம் மாறிவிட்டது. ஆனால் அமெச்சூர் குழுக்கள் இந்த நாடகத்தை விடவே இல்லை. ஐந்து பேசும் பாத்திரங்கள், கடைசியில் வந்துபோக இரண்டு போலீஸ்காரர்கள், ஒரே அறை, பெண்களுக்கு மூன்று நல்ல வேடம். நாடகக் குழு நடத்திப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

சினிமாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1940இல் தொரால்ட் டிக்கின்சன் பிரிட்டனில் எடுத்த படம் நாடகத்துக்கு நெருக்கம். 1944இல் ஹாலிவுட் நிறுவனமான எம்.ஜி.எம். எடுத்தது ஜார்ஜ் கியூக்கர் இயக்கிய படம். இங்ரிட் பெர்க்மனுக்கு ஆஸ்கர் கிடைத்தது, வேலைக்காரி நான்சியாக ஏஞ்சலா லான்ஸ்பரி அறிமுகமானார். தன் படத்துக்குப் போட்டி கூடாது என்று எம்.ஜி.எம். பிரிட்டிஷ் படத்தின் பிரதிகளை அழிக்கப் பார்த்தது என்றும் சொல்வார்கள். இப்படி ஒரு படம் இருக்கவே இல்லை என்று நிரூபிக்கப் பார்த்தது, அதுவும் இந்தக் கதைக்கு! கியூக்கர் படத்தில் பெயர்கள் மாறின, தேனிலவு வந்தது, கிழவியின் இடத்தில் பாடகியான அத்தை வந்தாள், ராஃபின் இடத்தில் இளைஞன் ஒருவன் வந்தான். நாடகத்தின் ஒரே அறை, ஒரே இரவு என்ற இறுக்கம் போனது. உலகம் நினைவில் வைத்திருப்பது இந்தப் படத்தைத்தான்.

தென்னாப்பிரிக்கா: இரண்டு மொழி, ஒரு லாரி

போர் தொடங்கிய பிறகு லண்டனின் முதல் பெல்லாவான குவென் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். காரணம் மார்டா வான். பிரிட்டோரியாவில் மார்கரீத்தா வான் ஹுல்ஸ்டைன் என்ற பெயரில் பிறந்து, லண்டன் மேடையில் பெயர் வாங்கிய நடிகை. குவெனின் வாழ்க்கைத் துணை. இருவரும் சேர்ந்து நாடகக் கம்பெனி தொடங்கி, 1940களின் தொடக்கத்தில் ஷேக்ஸ்பியர் முதல் நகைச்சுவை வரை தென்னாப்பிரிக்க நகரங்களுக்குக் கொண்டுபோனார்கள். இடையில் 1942இல் கீல்குட்டின் மக்பெத்துக்கு ஜோடியாக நடிக்க குவென் லண்டன் வந்து திரும்பினார். ஒரு உபரித் தகவல்: மார்டா வான் 1920களில் கொஞ்ச காலம் ஒரு வழக்கறிஞருக்கு மனைவியாக இருந்தார். அந்த வழக்கறிஞர் ஜே.ஜி. ஸ்ட்ரைடோம். 1954இல் தென்னாப்பிரிக்கப் பிரதமரானவர், நிறவெறி ஆட்சியின் கடும்போக்காளர். நாடகத்தில் எழுதினால், நம்பும்படி இல்லை என்று வெட்டச் சொல்வார்கள்.

அவர்கள் போய் இறங்கிய நாட்டில் வெள்ளையர்களின் தொழில்முறை மேடை இரண்டு மொழியில் ஓடிக்கொண்டிருந்தது. ஆப்பிரிக்கான்ஸ், டச்சு மொழியிலிருந்து கிளைத்து வளர்ந்த மொழி. 1925இல்தான் அதற்கு அரசு மொழி என்ற அந்தஸ்து வந்தது. அதே ஆண்டில் பால் டி குரூட் என்ற டச்சு நடிகர் ஆப்பிரிக்கான்ஸ் தொழில்முறைக் குழு ஒன்றோடு ஊர் சுற்றத் தொடங்கினார். அதில் சேர்ந்த இளைஞர்தான் பிற்பாடு ஆப்பிரிக்கான்ஸ் மேடையின் பெரிய நட்சத்திரமான ஆந்த்ரே ஹுகனே. ஹெண்ட்ரிக் ஹானகோம், மதில்டா ஹானகோம் தம்பதியும் தங்கள் குழுவோடு உள்நாட்டுச் சமவெளிகளில் ஊர் ஊராகப் போனார்கள். நாடகம் என்றாலே முகம் சுளிக்கும் திருச்சபை ஊர்கள், நகர மன்றக் கூடம்தான் தியேட்டர். நம் பாய்ஸ் கம்பெனிகளும் ஸ்பெஷல் நாடகக் குழுக்களும் சுற்றிய காலத்தை நினைவுபடுத்தும் வாழ்க்கை.

1947இல் தேசிய நாடக அமைப்பு உருவானது. அதன் மூளை பி.பி. பிரைட்டன்பாக் என்ற பள்ளித் தலைமை ஆசிரியர். ஆங்கிலத்துக்கு ஒரு குழு, ஆப்பிரிக்கான்ஸுக்கு ஒரு குழு என்று நாடு முழுக்க அனுப்பினார்கள். ஹுகனே ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ஹாம்லெட்டாக நடித்ததும் அதே 1947இல்தான். மொழி பெரிய சுமைகளைத் தாங்கும் என்று காட்ட ஷேக்ஸ்பியர் வேண்டும். அது சரி, ஆனால் மொழிக்கு வாடிக்கையாளர் சேர்ப்பது ஷேக்ஸ்பியர் அல்ல. மர்ம நாடகமும் சிரிப்பு நாடகமும்தான் வெள்ளிக்கிழமை இரவு கூடத்தை நிரப்பும். லாரியில் ஏற்றிப்போகும் குழுவுக்கு ஒரே செட், ஐந்து நடிகர்கள் என்ற கணக்கு வரம்.

தொலைக்காட்சி அந்த நாட்டுக்கு வந்தது 1976 ஜனவரியில். பணக்கார நாடு, ஆனால் படம் காட்டும் பெட்டி மக்கள் மனதைக் கெடுத்துவிடும் என்று அரசு அதுவரை தள்ளிப்போட்டது. அதனால் 1950 முதல் ஸ்பிரிங்பாக் ரேடியோவில் இரண்டு மொழியிலும் ஓடிய மர்மத் தொடர்களும், மேடைத் திரில்லர்களும் மற்ற நாடுகளைவிட அங்கே நீண்ட காலம் தாக்குப்பிடித்தன.

‘கேஸ் லைட்’டுக்கு நேர் ஆப்பிரிக்கான்ஸ் சொல் எழுத்தில் ‘காஸ்லிக்’. உச்சரிப்பில் அந்த ‘க’ இரண்டுமே தொண்டையில் உரசி வரும், நம் ஆய்தத்தைக் கூட்டிச் சொல்வதுபோல. தலைப்பு சுலபமாக வந்துவிடும். கஷ்டம் உள்ளே இருக்கிறது.

ஆங்கிலத்தில் கணவன் மனைவியை அழைப்பதும், வேலைக்காரி எஜமானியை அழைப்பதும் ஒரே ‘யூ’. கொடுமையும் நையாண்டியும் குரலில் மட்டும்தான் தெரியும். ஆப்பிரிக்கான்ஸில் ‘யே’ என்றால் நீ, ‘ஈ’ என்றால் நீங்கள். அது போக, பெரியவர்களிடமும் எஜமானர்களிடமும் பிரதிப்பெயரையே தவிர்த்து, அவர்களைக் குறிக்கும் சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்வது வழக்கம்: “அம்மாவுக்கு அம்மாவின் தேநீர் வேண்டுமா” என்பதுபோல. இப்போது நான்சியை நினைத்துப் பாருங்கள். எஜமானனோடு சரசமாடும், எஜமானியை இளக்காரமாகப் பார்க்கும் வேலைக்காரி. ஆங்கில நடிகை ஒரு புருவத்தை உயர்த்திச் செய்வதை, ஆப்பிரிக்கான்ஸ் நடிகை ஒரு ‘மெஃப்ரோ’வை (அம்மா என்ற மரியாதை விளி) வேண்டுமென்றே விழுங்கிச் செய்துவிடலாம். மேனிங்ஹாம் கொஞ்சும்போது ‘யே’, தண்டிக்கும்போது ஜில்லென்று ஒரு ‘ஈ’. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வரியிலும் பக்கம் சேர வேண்டியிருக்கும். தமிழில் செய்கிறவருக்கும் இதே வேலை உண்டு. பெல்லா கணவனை என்னவென்று கூப்பிடுவாள் என்ற கேள்வியிலேயே ஒரு வாரம் போய்விடும்.

அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஆப்பிரிக்கான்ஸில் மறுப்பு வாக்கியத்தில் ‘இல்லை’ இரண்டு தரம் வரும். “நான் அதைச் செய்யவில்லை” என்பது ‘எக் ஹெட் டித் நீ ஹெடுன் நீ’. நடுவில் ஒரு ‘நீ’, கடைசியில் ஒரு ‘நீ’. அந்த ‘நீ’க்கு இல்லை என்று அர்த்தம். பெல்லாவின் முதல் அங்கம் முழுக்க மறுப்புத்தான். படத்தை நான் எடுக்கவில்லை, ரசீதை நான் தொடவில்லை, நாய்க்குட்டியை நான் காயப்படுத்தவில்லை. ஒவ்வொரு மறுப்பிலும் இலக்கணமே அவளை இன்னொரு தரம் மறுக்க வைக்கும். ஆங்கிலப் பிரதியில் ஹாமில்டனுக்குக் கிடைக்காத வசதி இது.

1962இல் தேசிய நாடக அமைப்பு கலைக்கப்பட்டு, மறு ஆண்டு மாகாணத்துக்கு ஒன்றாக நான்கு அரசுக் கலை மன்றங்கள் வந்தன. பெரிய அரங்குகள், நல்ல விளக்குக் கருவிகள், தாராளமான மானியம். யாருக்காக என்பதுதான் கேள்வி. 1963இல் பிரிட்டனிலும் வெளியிலும் இருந்த பல நாடகாசிரியர்கள், நிறம் பார்த்துப் பார்வையாளரைப் பிரிக்கும் அரங்குகளுக்குத் தங்கள் நாடக உரிமையைத் தருவதில்லை என்று கையெழுத்திட்டார்கள். 1965இல் அரசு தன் பங்குக்கு, கலப்புப் பார்வையாளருக்கும் கலப்பு நடிகர் குழுவுக்கும் தடை போட்டது. புதிய ஆங்கில நாடகங்கள் கிடைப்பது சுருங்க, பழைய நாடகங்களும் ஐரோப்பிய மொழிபெயர்ப்புகளும் மேடையை நிரப்பின. தடை தளர்ந்தது எழுபதுகளின் பிற்பகுதியில்தான்.

சொல் வேறு, நாடகம் வேறு

1969இல் ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் பார்ட்டன், வைட்ஹெட் என்ற இருவர் ‘கேஸ்-லைட் நிகழ்வு’ என்று தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். வேண்டாத உறவினரை மனநோயாளி என்று சொல்லி மருத்துவமனையில் தள்ள முயன்ற குடும்பங்களைப் பற்றியது. அந்தப் பெயர் மேனிங்ஹாமின் திட்டத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. பெல்லாவைப் பைத்தியக்கார விடுதிக்கு அனுப்புவதுதான் அவனுடைய கடைசி நோக்கம். அரை நூற்றாண்டு கழித்து, 2022இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி ‘கேஸ்லைட்டிங்’கை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. இதற்குள் விளக்கு சாட்சிக் கூண்டிலிருந்து குற்றவாளிக் கூண்டுக்கு மாறிவிட்டது.

நாடகத்துக்கும் அந்தச் சொல்லின் வெளிச்சத்தில் மறுவாழ்வு கிடைத்திருக்கிறது. 2007இல் லண்டன் ஓல்ட் விக் தியேட்டரில் பீட்டர் கில் இயக்கத்தில் ரோசமண்ட் பைக் பெல்லாவாக நடித்தபோது, அது நல்ல பழைய மர்ம நாடகம். இன்று வருகிற பார்வையாளர் பெல்லாவுக்கு என்ன நடக்கிறது என்பதற்குப் பெயரோடு உள்ளே வருகிறார். அதனால் ராஃப் நெருடுகிறார். நிஜமாகவே நெருட வேண்டியவர்தான். தன் புத்தி சரியாக இருக்கிறது என்பதை ஒரு பெண், இன்னொரு ஆண் வந்து சொல்லித்தான் நம்பவேண்டியிருக்கிறது. அவரும் விஸ்கி ஊட்டி, அதட்டி, சொன்னதைச் செய் என்கிறார், அன்பாக.

ஆனாலும் ஹாமில்டனுக்காக வாதாட ஒரு காட்சி இருக்கிறது. கடைசியில் மேனிங்ஹாம் நாற்காலியில் கட்டப்பட்டிருக்கிறான். அவனோடு தனியாக இரண்டு நிமிடம் வேண்டும் என்று பெல்லா கேட்கிறாள். கட்டை அறுக்கச் சவரக்கத்தி கொண்டு வா என்று அவன் கெஞ்சுகிறான். அவள் எடுக்கிறாள், இதோ கையில் இருந்ததே, காணோமே, எங்கே வைத்தேன் என்கிறாள். எனக்குத்தான் புத்தி சரியில்லையே, சரியாக இருந்திருந்தால் உதவியிருப்பேனே என்கிறாள். நாடகம் முழுக்க அவன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வசனங்கள் இவை. நடிகைகள் இந்தப் பாத்திரத்துக்கு அடித்துக்கொள்வது இந்த ஒரு பக்கத்துக்காகத்தான்.

2022இல் கனடாவின் ஷா நாடக விழாவில் ஜோனா ரைட்டும் பாட்டி ஜேமிசனும் எழுதிய புதிய ‘கேஸ்லைட்’ மேடையேறியது. ராஃபை அடியோடு நீக்கிவிட்டார்கள். வீடு அதேதான், மேல்மாடி அதேதான், கணவனும் அதே கணவன். விளக்கு மங்கும்போது பெல்லாதான் கணக்குப் போட வேண்டும். அது மறுபடி ஏறும்போது, “அவர் வருகிறார்” என்று திரும்பிச் சொல்ல அந்தக் கூடத்தில் யாரும் இல்லை.